கெட்டியாக இருந்தும் அமுங்கிப்போன சோஃபா: மூன்று இருக்கை குஷன்களை மறுபடி நிரப்பிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மூன்று பேர் உட்காரும் மரச்சட்ட சோஃபா. இருக்கையில் தனித்தனியாக மூன்று குஷன்கள், கெட்டித் துணி உறை, பின்பக்கம் ஜிப். சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூட்டுகள் ஆடவில்லை, மரத்தில் அரிப்பு இல்லை, கைப்பிடி உறுதியாக நின்றது. உட்காரும் இடம்தான் போய்விட்டது.

வீட்டார் எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முன்பே ஒரு முறை ஃபோமை மாற்றியிருந்தார்கள். சோஃபாவோடு வந்த ஃபோம் அமுங்கிப்போனதும், வீட்டுக்காரர் கடைக்குப் போய் அங்கிருந்த துண்டுகளையெல்லாம் கையால் அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கி வந்து உறைக்குள் போட்டிருக்கிறார். போட்ட புதிதில் பலகையில் உட்கார்ந்த மாதிரி இருந்ததாம். இரண்டு ஆண்டு முடிவதற்குள் அதுவும் உட்கார்ந்துவிட்டது. "கெட்டியா பாத்துத்தானே வாங்கினேன், அப்புறம் ஏன் இப்படி?" என்பதுதான் அவர் கொண்டுவந்த கேள்வி. இந்த நிகழ்வை எழுதி வைப்பதற்குக் காரணமும் அந்தக் கேள்விதான். குஷன் வேலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இதையே வேறு வேறு சொற்களில் கேட்கிறார்கள்.

யார் எங்கே உட்காருகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டோம். இடது ஓரம் வீட்டுக்காரருடையது. 90 கிலோவுக்கு மேல் எடை, மாலையில் உட்கார்ந்தால் தூங்கப் போகும்வரை அதே இடம். வலது ஓரம் அவருடைய தாயார். வயது 70க்கு மேல், முழங்கால் மூட்டு வலி. நடு குஷன் பிள்ளைகளுடையது. அதில் உட்காருவதைவிட மண்டியிடுவதும் குதிப்பதும்தான் அதிகம்.

தாயாருக்கு இன்னொரு தொல்லை இருந்தது. உட்கார்ந்துவிட்டால் தானாக எழுந்திருக்க முடியவில்லை. யாராவது கை கொடுக்க வேண்டும். வயசாகிவிட்டது, அதனால்தான் என்று வீட்டில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உறையைக் கழற்றிப் பார்த்தது

மேலிருந்து பார்த்தால் மூன்று குஷன்களும் ஓரத்தில் உயரமாகவும் நடுவில் குழியாகவும் இருந்தன. உறை தளர்ந்து சுருங்கிக் கிடந்தது. ஃபோமை வெளியே எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தோம். மூலையில் 12.5 செ.மீ. தடிமன் அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் குஷனின் நடுவில் 10.2 செ.மீ. தான். யாரும் உட்காராதபோதே தடிமனில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டப் போய்விட்டது. நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் அடித்தளம் வரை இறங்கியது. அதே துண்டின் மூலையை அழுத்தினால் இன்னும் விறைப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் கடையில் அமுக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தக் கெட்டித்தன்மை உண்மைதான், அவர் ஏமாறவில்லை. ஆனால் அவர் சோதித்தது ஃபோமின் ஆயுளை அல்ல.

அடுத்து ஃபோமைத் தராசில் வைத்தோம். 60 × 60 × 12.5 செ.மீ. என்றால் கன அளவு 0.045 கன மீட்டர். எடை 0.9 கிலோ. எடையைக் கன அளவால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ. கடைக்காரர்கள் 'டென்சிட்டி' என்று சொல்லும் எண் இதுதான். தினமும் உட்காரும் இருக்கைக்கு 20 போதவே போதாது. முதுகுக்குச் சாயும் குஷனில் போடலாம், எப்போதாவது உட்காரும் ஸ்டூலுக்கு ஓட்டலாம். இருக்கை என்றால் 32க்குக் கீழே நாங்கள் போவதில்லை. தினமும் மணிக்கணக்கில் எடை தாங்கும் இடத்துக்கு 40ஐ ஒட்டித்தான் பார்ப்போம்.

அடர்த்தி வேறு, கெட்டி வேறு. குஷன் வாங்குபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அடர்த்தி என்பது ஒரு அளவு இடத்துக்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது. கெட்டி என்பது அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. ஃபோம் தயாரிக்கும்போது ரசாயனக் கலவையை மாற்றி, 20 அடர்த்தியிலேயே கல் போலக் கெட்டியாக்கவும் முடியும், 40 அடர்த்தியில் மெத்தென்று இருக்கச் செய்யவும் முடியும். ஃபோமுக்குள் இருப்பது சிறு சிறு அறைகள். அவற்றின் சுவர்களும் தூண்களுமே எடையைத் தாங்குகின்றன. அடர்த்தி குறைந்தால் அந்தத் தூண்கள் மெலிந்துவிடும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அவை வளைந்து நிமிர வேண்டும். மெல்லிய தூண்கள் சில ஆயிரம் வளைவுகளிலேயே தளர்ந்து முறியத் தொடங்கும். உடம்புச் சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். முதல் நாளின் கெட்டித்தன்மை இதில் எதையும் காட்டிக்கொடுக்காது.

அடித்தளத்தில் தெரிந்தது

ஃபோமின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தபோது அதில் கட்டம் கட்டமாகப் பள்ளங்கள் பதிந்திருந்தன. சாளரக் கம்பியில் நெடுநேரம் கையை வைத்து அழுத்தினால் தோலில் விழுமே, அது போன்ற தடம். குஷனைத் தாங்க சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்த எலாஸ்டிக் பட்டைகளின் அச்சு அது. பட்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் ஃபோம் பிதுங்கிப் பிதுங்கி அந்த இடமெல்லாம் தளர்ந்திருந்தது.

பட்டைகளைக் கையால் அழுத்தினோம். வலது ஓரத்தில், அதாவது தாயார் உட்காரும் இடத்தில், பட்டை 7 செ.மீ. கீழே இறங்கியது. முன் சட்டத்தில் இரண்டு பட்டைகளின் ஸ்டேப்ளர் பின்கள் பாதி பிடுங்கிக்கொண்டு நின்றன. போன முறை ஃபோம் மாற்றியபோது கீழே யாரும் குனிந்து பார்க்கவில்லை. பட்டை தொய்ந்திருந்தால் எத்தனை நல்ல ஃபோம் போட்டாலும் அது தொட்டில் போல வளைந்துதான் வேலை செய்யும். ஓரங்கள் மேலே இழுபட, நடுப்பகுதி எப்போதும் மிகையாக நீளும். இரண்டாவது ஃபோம் சீக்கிரம் போனதில் அடர்த்திக்குப் பாதிப் பங்கு, பட்டைக்குப் பாதிப் பங்கு என்பது எங்கள் கணிப்பு.

தாயாரை உட்காரச் சொல்லி, தரையிலிருந்து அவர் தொடையின் அடிப்பக்கம் வரை அளந்தோம்: 36 செ.மீ. அவருடைய முழங்காலின் பின்மடிப்பு தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருந்தது. இடுப்பு முழங்காலைவிடத் தாழ்ந்து போனால் யாருக்கும் எழுவது சிரமம். மூட்டு வலி உள்ளவருக்குக் கேட்கவே வேண்டாம். வயதின் மேல் போட்ட பழியில் பெரும்பகுதி சோஃபாவைச் சேர வேண்டியது.

எதை நிரப்புவது: பேசியவையும் விட்டவையும்

தாயார் இலவம் பஞ்சு போடலாமே என்றார். "பஞ்சுன்னா சூடு ஏறாது தம்பி, வருஷக்கணக்கா வரும்." பஞ்சு வருஷக்கணக்கில் வரும் என்பதில் தவறில்லை. இலவம் பஞ்சின் இழை உள்ளே வெறும் குழாய், மேலே மெழுகுப் பூச்சு. அதனால்தான் எடையே இல்லாமல், ஈரம் ஒட்டாமல் இருக்கிறது. ஆனால் அது மீண்டு எழும் பொருள் அல்ல. தலையணையில் தட்டித் தட்டிச் சரிசெய்துகொள்ளலாம். 90 கிலோ எடை தினமும் விழும் இருக்கையில் சில வாரத்தில் திரண்டு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், பிறகு பிரித்து வெயிலில் காயவைத்து உதறி மறுபடி அடைக்க வேண்டும். அந்த வேலையை யார் செய்வது என்று கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். பாலியெஸ்டர் பஞ்சை மட்டும் அடைப்பதற்கும் இதே பதில்தான். முதுகு குஷனுக்கு அது நன்றாகவே வரும், இருக்கைக்கு ஆகாது.

ரப்பர் தெளித்த தென்னை நார்ப் பலகை பேச்சில் வந்தது. காற்றோட்டம் நன்றாக இருக்கும், விலகாது. ஆனால் அது படுக்கைக்குக் கீழே மட்டமான பலகை இருக்கும்போது உழைக்கும் பொருள். நீண்டு சுருங்கும் பட்டையின் மேல் வைத்தால் ஒவ்வொரு முறையும் வளைந்து, நார் ஒடிந்து தூளாக உதிரும்.

மெமரி ஃபோம் வேண்டும் என்று வீட்டுக்காரர் ஓரளவு ஆசைப்பட்டார். எழுவதற்கே சிரமப்படும் ஒருவரின் இருக்கையில், அமுங்கிவிட்டு மெதுவாக மீளும் பொருளை அடுக்கடுக்காகப் போடுவது அவரை இன்னும் ஆழத்தில் உட்காரவைக்கும். எடுத்த எடுப்பிலேயே விட்டோம்.

உண்மையில் யோசிக்க வைத்தது லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்யும் ஃபோம்தான். துள்ளி மீளும் திறத்தில் அதற்கு இணை இல்லை. நல்ல லேடெக்ஸ் துண்டு பல ஆண்டுகள் உருமாறாமல் உழைக்கும். இரண்டு காரணங்களால் விட்டோம். ஒன்று எடை: அடர்த்தி 75 என்று வைத்தால் 60 × 60 × 10 செ.மீ. துண்டு ஒன்றே 2.7 கிலோ. இந்த வீட்டில் குஷனைத் தூக்கித் தூசு தட்டுபவர் பெரும்பாலும் தாயார். இன்னொன்று, வெளிச்சமும் சூடும் படப்பட லேடெக்ஸ் காய்ந்து பொடியும் குணம் உள்ளது. ஜன்னல் வெயில் சோஃபா மேல் நேரே விழுந்தது. உறை மறைத்துக்கொள்ளும் என்றாலும், சூடு உள்ளே போகத்தானே செய்யும்.

கடைசியில் முடிவானது ஹெச்.ஆர். ஃபோம் (ஹை ரெசிலியன்ஸ், அதாவது நன்றாக மீண்டு எழும் வகை), அடர்த்தி 40. சாதாரண ஃபோமுக்கும் இதற்கும் இருக்கும் வேறுபாட்டை உட்கார்ந்துதான் உணர முடியும். சாதாரண ஃபோம் தொடக்கத்தில் விறைத்து நிற்கும், ஒரு கட்டத்துக்கு மேல் எடையை ஏற்றினால் திடீரென்று இறங்கித் தரை தட்டும். ஹெச்.ஆர். ஃபோம் முதலில் இணங்கிக் கொடுக்கும், ஆழம் போகப்போக எதிர்ப்பைக் கூட்டும். ஆய்வுக்கூடங்களில் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஃபோமை அதன் தடிமனில் 25% அமுக்கத் தேவையான விசை ஒன்று, 65% அமுக்கத் தேவையான விசை இன்னொன்று. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் சாதாரண ஃபோமுக்கு 2ஐ ஒட்டி வரும், நல்ல ஹெச்.ஆர். ஃபோமுக்கு 2.4 அளவிலோ அதற்கு மேலோ வரும். கடையில் இந்த எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். அதற்கு நாங்கள் செய்வது எளிது: 10 செ.மீ. துண்டைத் தரையில் போட்டு ஒற்றை முழங்காலை ஊன்றி முழு எடையையும் ஏற்றுவோம். முழங்காலுக்குத் தரை தட்டுப்பட்டால் அந்தத் துண்டு இருக்கைக்கு வேண்டாம்.

தராசில் மாட்டிய ஃபோம்

40 அடர்த்தி கேட்டு, 62 × 62 × 10 செ.மீ. அளவில் மூன்று துண்டுகள் ஒரு கடையிலிருந்து வந்தன. பில்லிலும் 40 என்றே இருந்தது. அந்த அளவுக்குக் கன அளவு 0.0384 கன மீட்டர். 40 என்றால் ஒவ்வொரு துண்டும் 1.5 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். தராசு காட்டியது 1.23 கிலோ. அதாவது 32. கையால் அமுக்கினால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கடைக்காரரை அழைத்துக் கணக்கைச் சொன்னதும் மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். அவருக்கும் கொடுத்தவர் சொன்னதுதான் தெரிந்திருக்கும் போல. மாற்றி வந்த துண்டுகள் 1.53 கிலோ இருந்தன.

எடை மட்டுமே போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. சுண்ணாம்புத் தூள் போன்றவற்றைக் கலந்து ஃபோமின் எடையைக் கூட்டுவதுண்டு. அப்படிப்பட்ட ஃபோம் தராசில் ஜெயிக்கும், இருக்கையில் தோற்கும். வெட்டிய முகத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டும், ஓரத்தைக் கிள்ளினால் இழுபடாமல் பொட்டென்று பிய்ந்து வரும். எங்களுக்கு வந்த துண்டைக் கிள்ளி இழுத்தபோது ரப்பர் போல நீண்டு திரும்பியது. முழங்கால் சோதனையிலும் தரை தட்டவில்லை.

மூன்று குஷன், இரண்டு விதமான உள்ளடக்கம்

மூன்றையும் ஒரே மாதிரி செய்துவிடுங்கள் என்றுதான் வீட்டுக்காரர் சொன்னார். ஒரே மாதிரி இருந்தால் இடம் மாற்றி மாற்றிப் போடலாம், தேய்மானம் பங்கிட்டுக்கொள்ளப்படும். அது நல்ல வாதம். ஆனால் தாயாருக்கு வேண்டியது அமுங்காத, எழ உதவும் இருக்கை. வீட்டுக்காரருக்கு வேண்டியது நெடுநேரம் உட்கார இதமான இருக்கை. இரண்டையும் ஒரே துண்டில் கொடுத்தால் இருவருக்கும் அரைகுறையாகத்தான் முடியும். எனவே இடது குஷனும் நடு குஷனும் ஒரு விதம், வலது குஷன் தனி விதம் என்று பிரித்தோம். வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே தெரியும்.

இடதுக்கும் நடுவுக்கும்: 10 செ.மீ. ஹெச்.ஆர். நடுவில், மேலும் கீழும் 12 மி.மீ. தடிமனில் சற்று மெத்தென்ற ஃபோம். இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் புரட்டிப் போடலாம். மெத்தென்ற அடுக்கை மேலே மட்டும் தடிமனாக வைத்தால் முதல் நாள் சொகுசு கூடும், ஆனால் புரட்டும் வழி அடைபடும். சொகுசைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஆயுளை நீட்டினோம்.

வலதுக்கு: அடியில் 25 மி.மீ. ரீபாண்டட் ஃபோம், அதற்கு மேல் 10 செ.மீ. ஹெச்.ஆர். ரீபாண்டட் என்பது ஃபோம் வெட்டும்போது விழும் சில்லுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்தது. பல நிறத் துணுக்குகள் கலந்து தெரியும். கனமானது, விறைப்பானது. முழுக் குஷனையும் அதில் செய்தால் பலகையாகிவிடும். அடியில் மெல்லிய அடுக்காக வைத்தால் எடையைப் பட்டைகளின் மேல் பரப்பிக் கொடுக்கும். இந்தக் குஷனைப் புரட்டக் கூடாது என்பதால் அடிப்பக்கத்தில் அழியாத மையால் 'கீழ்' என்று எழுதினோம்.

வேலை நடந்த விதம்

முதலில் பட்டைகள். பழையவற்றை இழுத்துக் கட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒரு முறை தொய்ந்த எலாஸ்டிக்கை இழுத்துக் கட்டினால் சில மாதத்தில் பழைய இடத்துக்கே போய்விடும். எல்லாவற்றையும் கழற்றிப் புதிது போட்டோம். சட்டத்தின் உள் அகலம் 60 செ.மீ. ஒரு முனையை அடித்த பிறகு, ஒவ்வொரு பட்டையிலும் 54 செ.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு எதிர்ச் சட்டத்தின் விளிம்பைத் தொடும்வரை இழுத்து அடித்தோம். கைப் பலத்தை நம்பினால் முதல் பட்டை விறைப்பாகவும் கடைசிப் பட்டை தளர்வாகவும் போகும். கோடு போட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பு. இரண்டு பட்டைகளுக்கு இடையே ஒரு பட்டை அகலத்துக்கு மேல் சந்து விடவில்லை. பின்னலுக்கு மேலே கெட்டியான கேன்வாஸ் துணி ஒன்றை விரித்து ஓரங்களில் அடித்தோம். கட்டம் கட்டமாகத் தடம் விழுவதைத் தடுப்பது அந்தத் துணிதான்.

ஃபோமை உறையின் அளவுக்கே வெட்டினால் குஷன் தொளதொளவென்று இருக்கும். உறை 60 செ.மீ. என்றால் துண்டு 62 செ.மீ.; அந்தக் கூடுதல்தான் உறையை உள்ளிருந்து இழுத்து நிறுத்துகிறது. அதற்கு மேல் போனால் ஜிப் பிளக்கும், ஃபோம் வளைந்து மேடாகும். வெட்டும்போது நீளமான, கூர்மையான கத்தியை அழுத்தாமல், முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போக வேண்டும். அழுத்தி வெட்டினால் ஃபோம் அமுங்கிய நிலையில் வெட்டுப்பட்டு, விட்டவுடன் பக்கச்சுவர் உட்குழிந்து நிற்கும்.

பசை ஒட்டுவதில் கஞ்சத்தனம் நல்லது. ஸ்பிரே பசையை இரு முகங்களிலும் ஓரத்தைச் சுற்றி அடித்து, நடுவில் அங்கங்கே தூவினாற்போல விட்டோம். பசை ஈரம் போய்ப் பிசுபிசுப்பாக ஆன பிறகே சேர்த்தோம். நடுவில் கனமாக அடித்தால் காய்ந்ததும் அங்கே ஓர் ஓடு போல விறைக்கும், உட்கார்ந்தால் உறுத்தும். ஜன்னல்களைத் திறந்துவைத்து, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டோம். பசையின் ஆவியும் எளிதில் பற்றும், ஃபோமும் பற்றும். பற்றினால் வரும் புகை விஷம்.

எல்லாவற்றுக்கும் மேல் பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பைச் சுற்றினோம். இது மெத்தென்று இருப்பதற்காக என்று பலரும் நினைக்கிறார்கள். முக்கிய வேலை வேறு: ஃபோம் மூலைகளின் கூர்மையை மறைத்து உறையை நிறைப்பது, உறைத் துணி ஃபோமின் மேல் உராய்ந்து தேய்க்காமல் காப்பது.

உறைக்குள் நுழைப்பதற்கு, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் குஷனைச் சுற்றி வேக்குவம் கிளீனரால் காற்றை உறிஞ்சினால் தட்டையாகிவிடும். உள்ளே தள்ளி மூலைகளைப் பொருத்திய பிறகு தாளை உருவிவிட வேண்டும். உருவாமல் விட்டால் உட்காரும்போதெல்லாம் புஸ்ஸென்று சத்தம் வரும், வியர்வை ஈரமும் உள்ளே தங்கும்.

பின்னர் நடந்தது

முதல் வாரம் இரண்டு குறைகள் வந்தன. வீட்டுக்காரருக்கு இருக்கை விறைப்பாகப் பட்டது. அதில் கை வைக்க வேண்டாம் என்றோம். எந்த ஃபோமும் தன் கெட்டித்தன்மையில் ஒரு பங்கைத் தொடக்கக் காலத்திலேயே இழக்கும், அதற்குப் பிறகு வரும் தளர்ச்சி மெதுவாகத்தான் வரும். அந்தத் தொடக்க இழப்பையும் கணக்கில் சேர்த்தே தேர்ந்தெடுத்திருந்தோம். மாதம் ஒன்று ஆனபோது அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தாயாரின் குறை வேறு. உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் முன் விளிம்பு அழுத்துகிறது, கால் மரத்துப்போகிறது என்றார். அளந்து பார்த்தோம்: எடையோடு இருக்கை உயரம் 36இல் இருந்து 42 செ.மீ.க்கு ஏறியிருந்தது, அவருடைய முழங்கால் பின்மடிப்போ 40. எழுவதற்கு அந்த இரண்டு செ.மீ. உயர்வு உதவியாகத்தான் இருந்தது. ஒரு கையைக் கைப்பிடியில் ஊன்றித் தானாகவே எழுந்துகொண்டிருந்தார். அதைக் கெடுக்க விரும்பவில்லை. எனவே தடிமனைத் தொடாமல், அவர் குஷனின் முன்பக்க மேல் விளிம்பை மட்டும் சரிவாகச் சீவி, பஞ்சு விரிப்பை மறுபடி சுற்றி ஒட்டினோம். புரட்டாத குஷன் என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் சீவுவதில் தடை இல்லை. மரத்துப்போவது நின்றது.

ஓராண்டுக்குப் பிறகு உறையைக் கழற்றி அளந்தோம். வீட்டுக்காரர் குஷனின் நடுவில் தடிமன் 3 மி.மீ. குறைந்திருந்தது. அமுக்கினால் மூலைக்கும் நடுவுக்கும் வேறுபாடு தெரிந்தது, ஆனால் குழி இல்லை. அடிப்பக்கத்தில் பட்டைத் தடம் இல்லை. நடு குஷனில் ஃபோம் நன்றாக இருந்தது. உறையின் ஒரு மூலைத் தையல் விட்டிருந்தது. குதித்த கால்களின் உபயம். அதைத் தைத்துக் கொடுத்தோம். இடது குஷனையும் நடு குஷனையும் மாதம் ஒரு முறை இடம் மாற்றிப் புரட்டச் சொல்லியிருந்தோம். நினைவு வந்தபோது செய்தார்களாம்.

சரியாக வராதது பஞ்சு விரிப்பு. உறையைத் துவைக்கக் கழற்றிய ஒவ்வொரு முறையும் துணி பஞ்சைப் பற்றி இழுத்திருக்கிறது. இரண்டு மூலைகளில் பஞ்சு பிய்ந்து உருண்டை உருண்டையாகத் திரண்டு, உறைக்கு மேலிருந்தே புடைப்பாகத் தெரிந்தது.

மறுபடி செய்தால்

பஞ்சு விரிப்புக்கு மேலே மெல்லிய பருத்தித் துணியில் ஓர் உள்ளுறை தைத்துப் போடுவோம். வெளியுறை அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும், பஞ்சைத் தொடாது. வேலை கூடுதல்தான்; துவைக்கக் கழற்றும் உறை என்றால் அது தேவை. இந்த வீட்டுக்கும் பிறகு தைத்துக் கொடுத்தோம்.

உட்காருபவரின் முழங்கால் பின்மடிப்பு உயரத்தை ஃபோம் வாங்குவதற்கு முன்பே அளந்திருந்தோம். ஆனால் புதுப் பட்டையின் மேல் அவர் எடைக்குக் குஷன் எவ்வளவு இறங்கும் என்பதை ஊகமாகத்தான் வைத்தோம். இப்போதெல்லாம் வயதானவர்களுக்குச் செய்யும்போது, பட்டை மாட்டியதும் ஃபோம் அடுக்குகளை ஒட்டாமல் வெறுமனே அடுக்கி அவரை உட்காரவைத்து அளந்துவிட்டு, பிறகே பசையை எடுக்கிறோம். விளிம்பைச் சீவ வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நடு குஷனுக்கு உறையின் மூலைகளில் இரட்டைத் தையலும் உள்ளே ஒரு பட்டித் துணியும் தேவை. பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை.

ஃபோமின் அடிப்பக்கத்தில் மாட்டிய மாதம், ஆண்டு, தராசில் வந்த எடை, அடர்த்தி ஆகியவற்றை எழுதி வைக்கும் பழக்கத்தை இந்த வேலைக்குப் பிறகு தொடங்கினோம். அடுத்து அந்த உறையைத் திறப்பவர் நாங்களாக இல்லாமல் இருக்கலாம். உள்ளே இருந்தது என்ன, எத்தனை நாள் உழைத்தது என்பது அவருக்குக் கடைக்காரர் வாய்ச்சொல் இல்லாமலே தெரியும்.